அரைவாசி வலைக்குச் சொந்தக்காரர்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு விக்கல் வரும். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். மறுமொழி வந்த அன்று தொடங்கிய விக்கல், நான் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பசுக்கு, எடுபட்டுவிட்டேன் என்பது உறுதியான பிறகும் நிற்கவில்லை. எடுபடாமல் போயிருந்தால் ஒரு நாள் அழுது முடித்திருப்பேன். எடுபட்டதால்தான் பயம் மாதக்கணக்கில் நீண்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் திருகோணமலை மாவட்டத்தைப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக எடுத்துப் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாவட்டமே பின்தங்கியது என்றால் எங்கள் இலங்கைத்துறை அதற்கும் பின்னால் குந்தியிருந்தது. பட்டணம் போவதென்றால் முதலில் மாட்டுவண்டி, பிறகு ஆறு கடத்தும் மிதவையான பாதை, பிறகு மூதூரிலிருந்து லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு. குடா கொஞ்சம் குலுங்கினால் லோஞ்சும் இல்லை. நான் பட்டணத்தில் சித்தி வீட்டில் நின்று படித்தவன். சித்தியின் குசினி யன்னலால் துறைமுகம் தெரியும். வெள்ளைக்காரனின் கப்பல்கள் போன பிறகு சும்மா கிடந்த அந்தப் பெரிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொருளியல் பாடமாக்கினேன். வருமானம் என்றால் என்ன என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதுவேன். நேரில் கண்டதில்லை.

ஏனென்றால் அப்பா கரைவலை இழுப்பவர். வலையும் தோணியும் சம்மாட்டியாருக்குச் சொந்தம். பிடிபட்ட மீனில் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு முதலில் அவருக்குப் போகும். மிச்சம் கயிறு பிடித்தவர்களுக்குள் பிரியும். மாரி வந்து கடல் கொந்தளித்தால் பிரிக்க எதுவும் இராது. அம்மா கருவாடு காயவைப்பாள், அதுவும் சம்மாட்டியாரின் மீன்கொட்டிலான வாடியில்தான். எங்களுக்கென்று இருந்தது ஒரு கிடுகு வீடும், வேலி என்று மரியாதைக்குச் சொல்லப்பட்ட சில தடிகளும்.

கம்பசில் படிப்புக்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் படிக்கிறவன் சாப்பிடவேண்டும், படுக்க ஓர் இடம் வேண்டும், கம்பசு இருக்கும் மலைநாட்டின் குளிருக்கு ஒரு கம்பளி வேண்டும். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் புலமைப்பரிசில் என்று ஒரு தொகை இருந்தது. அது கிடைத்தால் கம்பசு, கிடைக்காவிட்டால் அப்பாவின் வலைக்கயிறு. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா சொல்லாமல் இருந்த விதத்திலேயே எனக்கு விக்கல் எடுத்தது.

விண்ணப்பத்தில் அப்பாவின் வருமானத்தை ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் எழுதவேண்டும். கூலித்தொழில், வருமானம் நிரந்தரமில்லை என்று அவர் நேர்மையாக எழுதிவிட்டார். அதைப் பகுதிக் கந்தோரின், அதாவது அரசாங்க அலுவலகத்தின், மேலதிகாரி உறுதிப்படுத்தவேண்டும். ஊரில் அவருக்குக் கந்தோர் ஐயா என்றுதான் பெயர். கல்வீட்டுக்காரரின் பிள்ளைகளும் கிழிந்த சட்டையோடு வந்து அவர் முன்னால் நின்று அலுத்துப்போனதால், இனி வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று அவர் முடிவெடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை வருவதாக விதானையாரிடம் சொல்லி அனுப்பினார்.

எனக்கு அன்றுதான் விக்கல் நின்றது. எங்கள் வீட்டை ஒருவர் நேரில் பார்த்தால் போதும், வாய் திறக்கத் தேவையே இல்லை என்று நினைத்தேன். மாமாவை மறந்துவிட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. வாசிகசாலையின் செயலாளர். வாசிகசாலைக்கு வரும் ஒரே பத்திரிகையை முதலில் வாசிக்கும் உரிமையும் அவருக்கே. செய்தி கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கந்தோர் ஐயா வாறாரோ? எங்கட ஊருக்கோ?"

"வீட்டைப் பாத்திட்டுப் போக வாறார் மாமா."

"பாத்திட்டுப் போறதோ? விசர்க் கதை கதையாத மருமோன். ஒரு மாலை போடாமல் அனுப்பினவங்கள் எண்டு மற்ற ஊர்க்காரர் சிரிக்கமாட்டாங்களே? இந்த மண்ணில இருந்து கம்பசுக்கு எடுபட்ட முதல் ஆள் நீ. அவரைப் பிரதம விருந்தினராப் போட்டு ஒரு பாராட்டு விழா வைப்பம்."

"மாமா, அவர் நாங்கள் ஏழையோ எண்டு பாக்க வாறார்."

"ஓம், அதை அவர் ஒரு பக்கத்தால பாக்கட்டும். நாங்கள் ஒரு பக்கத்தால விழாவை வைப்பம். ரெண்டும் ஒண்டையொண்டு கடிக்குமே?"

கடிக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். விக்கல்தான் வந்தது. மாமா அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஒரு பெருமை வந்தால் அது ஊருக்கு வந்த பெருமை. அந்தப் பெருமைக்குப் பக்கத்தில் கிழிசல் எதுவும் தெரியக்கூடாது. ஆகவே ஊர் எங்கள் கிழிசல்களை எல்லாம் தைக்கத் தொடங்கியது. கயிறு இழுக்கிற ஆட்கள் ஒரே பின்னேரத்தில் புதுக்கிடுகு கொண்டுவந்து வேலி அடைத்தார்கள். என் வாழ்நாளில் முதல்முறையாக எங்கள் வீட்டை வெளியே நின்று பார்க்க முடியாமல் போனது. பள்ளிக்கூடத்துக் கதிரைகள் வந்தன. தலைமை ஆசிரியர் அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி ஒன்று இரவல் கொடுத்தார். சம்மாட்டியாரின் மனைவி தன் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டார்.

"வெறுங்கழுத்தோட மேடையில இருக்கப் போறியோடி? உனக்கில்லாட்டியும் எங்களுக்கெல்லோ வெக்கம்!"

அவர் போன பிறகு அம்மாவிடம் கெஞ்சினேன். "அம்மா, கந்தோர் ஐயா போகும்வரைக்கும் அதைக் கழட்டி வையுங்கோ."

"கழட்டினால் அக்கா என்ன நினைப்பா? அவவின்ர நகை எனக்குப் பத்தாதெண்டு நினைக்கமாட்டாவே?"

இதற்கு எந்தப் பொருளியல் புத்தகத்திலும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் ஐயாவின் ஜீப் மணலில் புதைந்தது. இளைஞர்கள் அதைத் தள்ளிக்கொண்டு நேரே பள்ளிக்கூட முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, புழுதி படிந்த சப்பாத்து. "முதல்ல வீட்டைப் பாப்பம்," என்றார். மாமா இளநீரை நீட்டி, "வீடு எங்கை ஐயா ஓடப்போகுது?" என்றார். அதற்குள் மேளகாரர் தொடங்கிவிட்டார்கள். மூதூரிலிருந்து வண்டியில் வந்த ஒலிபெருக்கி, பற்றரியில் ஒருமுறை இருமிவிட்டு உயிர்பெற்றது. விழாவுக்கென்று ஊர் சேர்த்த காசெல்லாம் அந்த இருமலுக்கே முடிந்திருந்தது என்று பிறகுதான் அறிந்தேன்.

மேடையில் என்னை நடுவில் இருத்தினார்கள். ஒரு பக்கம் கந்தோர் ஐயா, மறுபக்கம் பட்டுக்கரை வேட்டியில் அப்பா, அவருக்கு அப்பால் சங்கிலியோடு அம்மா. எங்களைப் பார்த்தால் எனக்கே புலமைப்பரிசில் கொடுக்க மனம் வராது.

முதலில் தலைமை ஆசிரியர் வாழ்த்துமடல் வாசித்தார். வாழ்த்துமடல் என்றால் பாட்டாக எழுதி, பட்டணத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற புகழ்ச்சி. அதற்கொரு முறை இருக்கிறது. ஊரின் சிறப்பு, குடும்பத்தின் சிறப்பு, கடைசியில் ஆள். குடும்பத்தின் சிறப்பு வந்த இடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்தினார்.

"முத்தும் பவளமும் முற்றம் நிறைய
வந்தோர்க் கெல்லாம் வாரி வழங்கும்
வள்ளல் ஈன்ற மைந்தன் வாழி!"

எங்கள் முற்றத்தில் நிறைய இருந்தவை கோழி எச்சமும் பழைய மிதப்புக் கட்டைகளும். நான் ஓரக்கண்ணால் கந்தோர் ஐயாவைப் பார்த்தேன். புன்னகைத்தார். கவிதையைக் கவிதையாகவே எடுத்துக்கொள்கிற படித்த மனிதர் என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு வெளியே போய்ச் சேருமுன் சம்மாட்டியாரைப் பேச அழைத்தார்கள்.

சம்மாட்டியார் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் கம்பசுக்குப் போயிருப்பேன். அவர் அதற்கு முன் மைக்கைத் தொட்டவரில்லை. கடலில் தோணிக்குக் கேட்கக் கத்துகிற குரலில் பேசினார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுவன். இந்தப் பிள்ளையின்ர தகப்பன் என்ர வலையில கூலிக்கு நிக்கிறவன் எண்டு ஆரும் நினைக்கப்பிடாது. அது என்ர வலை இல்லை! அதில அரைவாசி அவன்ர. கண்ணகை அம்மாள் அறிய அரைவாசி அவன்ர!"

முற்றம் அதிர்ந்தது. விசில்கூட அடித்தார்கள். அங்கிருந்த எல்லோருக்கும் அது அன்புக்குச் சொன்ன கதை என்று தெரியும். அடுத்த நாள் அப்பாவுக்கு ஒரு கூனி இறால்கூடக் கூடுதலாகக் கிடைக்காது என்றும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் அப்பாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்படியோ?"

அப்பா எழுந்து கைகூப்பினார். தனக்குப் படியளக்கிறவர் ஊர் முழுக்கக் கேட்க அம்மாளின் பெயரில் சொன்னதை அவர் எப்படி இல்லையென்பார்?

"அவர் சொன்னால் சரி ஐயா," என்றார்.

கந்தோர் ஐயா தலையாட்டினார். என் விக்கல் ஒலிபெருக்கியில் கேட்டது. மைக் அதற்குள் என் கைக்கு வந்திருந்தது.

அது ஏற்புரை. பெரியோரே, தாய்மாரே என்று பாடமாக்கி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. நான் பயந்தால் ஒன்று ஓடுவேன், அல்லது உண்மையைச் சொல்லுவேன். மேடையைச் சுற்றிச் சனம் நின்றதால் ஓட வழியில்லை.

"நாங்கள் ஏழைகள்," என்றேன்.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"உண்மையாத்தான் சொல்லுறன். எங்களிட்ட வலை இல்லை. தோணி இல்லை. ஒண்டுமே இல்லை."

கைதட்டல் கூடியது. சம்மாட்டியார் சால்வையால் கண்ணைத் துடைத்தார். "அப்பிடிப் போடு தம்பி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் கந்தோர் ஐயாவைப் பார்த்து, "அந்தச் சங்கிலியும் எங்கட இல்லை," என்றேன். சிரிப்பும் விசிலும் சேர்ந்து எழும்பின. தலைமை ஆசிரியர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களோ பணிவை! பாத்தீங்களோ! இந்த வயதில இப்பிடி ஒரு அடக்கத்தை எங்கையாவது கண்டிருக்கிறீங்களோ?"

உண்மையைச் சொல்லி இவ்வளவு கைதட்டல் வாங்கியவன் எங்கள் மாவட்டத்தில் வேறொருவன் இருக்கமாட்டான்.

பிறகு வீட்டைப் பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது? புதுவேலிக்குள் கதிரை போட்டு இருத்தினார்கள். சம்மாட்டியார் அனுப்பிய பாரைமீனும் சிங்க இறாலும் இலையில் வந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் எங்கள் குசினியில் நின்றதால் உள்ளே பானைகள் வெறுமையாய்க் கிடந்ததை அவர் காணவே முடியவில்லை. கை கழுவிவிட்டு, "நல்லா இருக்கிறீங்கள்," என்றார். அது விசாரிப்பா, தீர்ப்பா என்று யோசித்தபடி நான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். பாதி அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

சில கிழமைகள் கழித்து விதானையார் வந்து, குடும்ப வருமானம் எல்லைக்கு மேலே இருப்பதால் புலமைப்பரிசில் இல்லையென்று முடிவு வந்திருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது வேலியைப் பார்த்தபடி நின்றார். அவரும் விழாவில் கைதட்டியவர்தான்.

மாமா தளரவில்லை. "இதென்ன பெரிய வேலையே? சம்மாட்டியார் கந்தோருக்குப் போய், வலை முழுக்கத் தன்ர எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் சரி."

அப்பா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "அம்மாள் பேரில சொன்ன மனிசனைப் போய், சொன்னது பொய்யெண்டு சொல்லச் சொல்லிக் கேக்கிறதே? பிறகு அந்தக் கயிறில நான் எப்பிடிக் கை வைக்கிறது?"

அப்பா போய்க் கேட்கமாட்டார் என்பதால் நான் போனேன். சம்மாட்டியாரின் வாடிக்கு முன்னால் நின்று விக்கினேன். அவர் தண்ணீர் தந்தார். விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"நான் மனசறிஞ்சு சொன்னனான் தம்பி."

'அப்ப அரைவாசி தாறீங்களோ?' என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பகிடிக்காரனாக இருப்பதில் இது ஒரு தொல்லை, நல்ல பகிடி எப்போதும் வரக்கூடாத இடத்தில்தான் வரும். விழுங்கிக்கொண்டேன். அவரும் பட்டணத்து மீன் முதலாளிக்குக் கடன்பட்டு வலை நடத்துகிறவர் என்பது எனக்குத் தெரியும். அவர் தண்ணீர்ச் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "வாறன். கந்தோருக்கு வாறன்," என்றார்.

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல வந்தார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். கந்தோர் ஐயா எங்களை அடையாளம் கண்டு, எழுந்து, கதிரை காட்டினார். அந்த மரியாதையைக் கண்டு நான் இருக்காமல் நின்றுகொண்டேன்.

"ஐயா, அண்டைக்கு அந்த அரைவாசி எண்டது..." சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். "அது ஒரு கதைக்குச் சொன்னது."

"அம்மாள் அறியச் சொன்னீங்களே?"

"ஓம், சொன்னனான்."

"அப்ப அண்டைக்குச் சொன்னது பொய்யோ? இல்லாட்டி இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ?"

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். சம்மாட்டியார் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தோணி தினமும் கண்ணகை அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் கடலில் இறங்கும். அம்மாளின் கோபம் அதில் போகிறவர்கள்மேல் விழும், சில நாள் அப்பாவும் போவார். நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும். பொய் என்ற ஒரு சொல்.

"அம்மாள் பேரில நான் பொய் சொல்லமாட்டன் ஐயா," என்றார்.

கந்தோர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, இந்த அறைக்குள்ள வாறவை எல்லாரும் ஏழையா நடிக்கிறவை. மோதிரத்தைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டு வந்து அழுவினம். உங்கட ஊர் ஒண்டுதான் நடிக்காமல் இருந்தது. நான் வீட்டில போய் மனிசிக்கும் சொன்னனான். அதைக் கெடுக்காதேங்கோ."

"நாங்கள் அண்டைக்குத்தான் ஐயா நடிச்சது," என்றேன்.

அவர் சிரித்தார். "உங்கட பணிவு எனக்குத் தெரியும். மேடையிலயே பாத்தனான்."

உண்மையை மேடையில் சொன்னேன், கைதட்டினார்கள். கந்தோரில் சொன்னேன், சிரித்தார்கள். மூன்றாவது இடம் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பாதை மிதவையில் சம்மாட்டியாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கரை கிட்டும்போது, "அடுத்த வருசம் பாப்பம் தம்பி," என்றார். கம்பசு இடம் அடுத்த வருசத்துக்கு நிற்காது என்று அவருக்குச் சொல்லவில்லை. "ஓம், பாப்பம்," என்றேன்.

ஊரில் அப்பாவுக்குப் புதுப்பெயர் வந்திருந்தது. "அரைவாசி முதலாளி, கயிறைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ!" என்று கயிறுகாரர் பகிடி விட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் பகிடி. அப்பாவும் சிரித்தார். அவருடைய பங்கு எப்போதும்போல அதே பங்கு. மாமா மட்டும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தபோது அந்த வாழ்த்துமடலைச் சுவரில் கொழுவ ஆணியும் கொண்டுவந்தார். அடித்தும் கொடுத்தார்.

கம்பசில் பதியவேண்டிய நாள் வந்தது. மாரிக்கு முந்திய கடைசி வலைப்பாடுகள் நடந்துகொண்டிருந்த காலம். நான் காலையிலிருந்து பாயில் கிடந்தேன். அந்த நேரம் அங்கே வரிசையில் நின்றிருப்பேன், பேனை எழுதாமல் போகிறதென்று பயந்திருப்பேன், தவறான வரிசையில் நிற்கிறேனோ என்று இன்னொருமுறை பயந்திருப்பேன் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பயப்படுவதற்கு அவ்வளவு நல்ல காரணங்கள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. அப்பா வாசலில் வந்து நின்றார்.

"வாறியோ?" என்று மட்டும் கேட்டார்.

எழுந்து போனேன். கயிற்றில் தனக்குப் பின்னால் எனக்கு இடம் விட்டார். அன்று யாரும் பகிடி விடவில்லை. வலை தூரத்தில் கிடந்தது. குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தோம். எனக்குக் கை எரிந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அப்பா திரும்பாமலே சொன்னார்.

"அண்டைக்கு மேடையில நான் இல்லையெண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் உங்களுக்கும் கை தட்டியிருப்பாங்கள் அப்பா," என்றேன்.

அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அவர் இன்னும் நிறுத்தவில்லையே என்று கவனித்தேன். முன்னால் போய் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கயிற்றை இழுத்தேன்.